சலவைக்கடைச் சுவர்

அன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் சைரன் அலறிவிட்டது. நிலம் இம்மியும் அசையவில்லை. அங்கே ஆசிரியையான மனைவி, நிலநடுக்க எச்சரிக்கை நிலையப் பொறியாளரான கணவரிடம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள்.

"மறுபடியும் பொய்யா? மாடிப்படியில பசங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து, ஒரு பொண்ணுக்குக் கையே முறிஞ்சிடுச்சு. இன்னொரு தடவை கத்தினா ஒயரை அறுத்துடுவேன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க!"

நிலையத்தில் அவருக்கு 'நடுக்கம்' என்றே பட்டப்பெயர். மனைவி குரல் உயர்ந்தால் அது பொருந்தியும் போகும். பெரிய அதிர்வுக்குச் சில நொடிகள் முன்னால் மெல்லிய அதிர்வு ஒன்று வரும். அதை மோப்பம் பிடித்து பள்ளியின் சைரனை அலறவைக்க, மாதிரிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரலைக் கண்ணும் கருத்துமாகப் பழக்கியிருந்தார். அந்த நொடிகளில் பிள்ளைகள் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம். மனைவி வேலை பார்க்கும் அந்த ஓட்டைக் கட்டடத்துக்கு வேறு கதி இல்லை.

கோளாறு நிலையத்தின் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. சலவைக்கடையின் பெரிய வாஷிங் மெஷின் பிழியத் தொடங்கினால், இந்தப் பக்கம் அதிர்வுமானி துள்ளியது. கடைக்காரரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணே, பிழியறதை நிறுத்தக் கூடாதா?"

"ஈரத்தோட குடுத்தா எவன் சார் வாங்கிப்பான்?"

மெஷினுக்கு அடியில் ரப்பர் வைத்துப் பார்த்தார். அது முன்னைவிட அதிகமாக ஆட்டம் போட்டது. சைரன் விடாமல் கத்தியது. பள்ளிக்கு விடுமுறை நாள் என்பதால் தலை தப்பியது.

கடைசியில் நெட்வொர்க்குக்கே பாடம் புகட்டினார்: இது சலவைக்கடை, கண்டுகொள்ளாதே. காட்டிய அதிர்வு மாதிரிகள் போதவில்லை.

"நாள் முழுக்க ஓட்டுங்கண்ணே. ஈரக் கம்பளியாப் போட்டு அடைங்க!"

"மெஷின் தாங்காது சார்."

"அதெல்லாம் தாங்கும்."

மெஷின் முக்கி முனகி ஓடியது. நெட்வொர்க் நன்றாகவே கற்றுக்கொண்டது. தெருவில் லாரி போனாலும் சலவைக்கடை, யாராவது கதவை அறைந்தாலும் சலவைக்கடை. சைரன் வாயே திறக்கவில்லை. "பசங்க இப்பத்தான் பயமில்லாம உக்காந்து படிக்குதுங்க" என்று மனைவி சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு நாள் காலை, சலவைக்கடைக்காரர் தேய்த்த சட்டைகளோடு வந்து தயங்கி நின்றார்.

"சார், ஒரு விஷயம். கோவப்படக் கூடாது..."

"கோவமா? உங்களாலதான் எனக்கு வீட்டுல மரியாதையே திரும்பி வந்திருக்கு. உக்காருங்க!"

"இல்ல சார், அந்த மெஷின்..."

மேஜைமேல் தேநீர்க் கோப்பை கிணுகிணுத்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையில் பச்சை எழுத்து ஓடியது: சலவைக்கடை. ஆபத்தில்லை.

"பாத்தீங்களா! எவ்வளவு அழகா கண்டுபிடிக்குது! உங்க வீட்டம்மா கம்பளி பிழியறாங்க போல."

சலவைக்கடைக்காரர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதைச் சொல்லத்தான் சார் வந்தேன். தண்டு முறிஞ்சு, மெஷினை நேத்தே கழட்டித் தூக்கிட்டுப் போயிட்டாங்க."