காரின் மேலிருந்த தூசி பற்றி மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சானுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நீங்கள் விட்டுவிட்டுப் போன காரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை சௌக்கியம். மற்ற இருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்ல உடம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லப்போவதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் கார் என்று வாயெடுத்ததும் "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். பதினோரு மாதத்தில் ஒன்பது தடவை. எனக்கென்று ஒரு இஷ்டம் இருந்த காலமெல்லாம் போய்விட்டது மச்சான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் கடிதம். இதோடு ஒரு சம்மதக் காகிதமும் வைத்திருக்கிறேன். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் ஸ்பானரைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார் மெக்கானிக். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் என் பாடு தீர்ந்தது.

"பத்து நாள்ல வந்து எடுத்துக்கிறேன் மாப்பிள்ளை, ஷெட்டுல ஒரு ஓரமா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறினீர்கள். இருபத்தேழு வருஷம் ஆகிறது. உங்கள் பத்து நாளை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஷெட்டின் ஓரத்தைத்தான் சொல்கிறேன். முதல் வருஷம் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம். இரண்டாம் வருஷம் தார்ப்பாய் மேல் ஒரு மெத்தையைப் போட்டோம். பிறகு உடைந்த ஃபேன், மகளின் தொட்டில், அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள், நான் பல்செட் செய்த பட்டறையில் மிஞ்சிய, பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைகள் என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் அங்கே கார் இருப்பதே எனக்கு மறந்துபோய், சுவரோரமாக ஒரு அகலமான மேடை கட்டியிருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை மறக்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் ஷெட்டில் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்து சாமான்களை நகர்த்தினார், தார்ப்பாயைத் தூக்கினார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பாம்பு என்று நினைத்து ஓடினேன். "சார், இது என்ன வண்டின்னு தெரியுமா? மொத்தமே நானூறு வண்டிதான் செஞ்சாங்க. உடம்பு பூரா கையால தட்டினது. இதுமேல தொட்டிலை வச்சிருக்கீங்களே சார்!" என்று கண்ணில் தண்ணீர் வராத குறையாகக் கேட்டார். குழாயைச் சரிசெய்யாமலே போய்விட்டார். அன்றிலிருந்து ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஷெட் இருக்கும் பக்கம்தான் பார்க்கிறார்கள்.

வண்டியின் நிலைமையைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். நீண்ட மூக்கு அப்படியே இருக்கிறது. கான்வாஸ் கூரையை எலி தின்றுவிட்டது. டிரைவர் சீட்டுக்குள் ஒரு எலிக் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. மட்கார்டில் துரு. டயர் நான்கும் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பச்சை பெயிண்ட் சில இடத்தில் பச்சை, சில இடத்தில் என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷம் பல்லின் நிறம் பார்த்தவனுக்கே தெரியவில்லை.

முதலில் வந்தவர் மெக்கானிக். பழைய வண்டியில் கைதேர்ந்தவர். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், பானெட்டைத் திறந்தார், "மொத்தமா பிரிச்சுடணும் சார். ஒரு போல்ட் விடாம கழட்டி, டிங்கரிங் பண்ணி, பட்டி போட்டு, புதுசா பெயிண்ட் அடிச்சுடலாம். ஃபேக்டரியில இருந்து நேத்து வந்த மாதிரி நிக்கும்" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. பிரச்சினை என்றால் ஒரு ஆள், ஒரு வழி, ஒரு தேதி. எனக்கு அவ்வளவு போதும்.

அடுத்த வாரம் பழைய கார் சங்கத்தின் செயலாளர் வந்தார். அழைக்காமலே வந்தார். வெள்ளைக் கையுறை, டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பெயிண்டா? சார், ஒரு தடவைதான் ஒரு வண்டி ஒரிஜினலா இருக்க முடியும். இதைத் தொடவே கூடாது. துரு பரவாம மருந்து மட்டும் தடவணும். இந்தத் தூசி இருபத்தேழு வருஷத் தூசி. இதைத் துடைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் உரிமை இல்லை" என்றார். வீட்டில் தினம் காலையில் தூசி தட்டும் உங்கள் தங்கை கையில் துணியோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உள்ளே இருக்கிறதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மோட்டார் வச்சுடுங்கப்பா" என்றாள். இதை மெக்கானிக்கிடம் சொன்னேன், அவர் இரண்டு நாள் பேசவில்லை. செயலாளரிடம் சொல்லவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது.

உங்கள் தங்கையைக் கேட்டால் ஒரே பதில். "அண்ணன் வந்து பார்க்கட்டும்." எது கேட்டாலும் அதுதான். துருவை நிறுத்தட்டுமா? அண்ணன் வந்து பார்க்கட்டும். எலிப்பொறி வைக்கட்டுமா? அண்ணன் வந்து பார்க்கட்டும். மத்தியானம் வேலையெல்லாம் முடிந்ததும் ஷெட்டுக்குப் போய் அந்த இடது பக்க சீட்டில் ஒரு பழைய துண்டை விரித்து உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிட்டால் "வர்றேன், வர்றேன்" என்கிறாள். எங்கள் கல்யாணமான புதிதில் நீங்கள் அவளை அதே சீட்டில் உட்காரவைத்துக் கடைத்தெருவெல்லாம் சுற்றுவீர்கள், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சீட்டுக் கார். அதனால் மாப்பிள்ளை நான் பின்னால் பஸ்ஸில் வருவேன். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருவேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

இனிமேல்தான் விஷயம். செயலாளர் சங்கத்துக் கமிட்டியோடு வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். "தொடப்படாத வண்டி" என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதில் இதைச் சேர்க்கலாமா என்று பார்க்க. செவ்வாய்க்கிழமை நான் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தால், ஷெட்டு வாசலில் சோப்புத் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே உங்கள் தங்கை, கையில் பிரஷ், பக்கத்தில் வாளி. காரின் இடது பாதி பளபளவென்று நிற்கிறது. "என்ன பண்றே!" என்று கத்தினேன். "நாலு பெரிய மனுஷங்க வர்றாங்க. எங்க அண்ணன் வண்டியை இப்படியா காட்டுறது? என்ன நினைப்பாங்க?" என்றாள். வலது பாதியையும் முடித்திருப்பாள், தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

பாதி கழுவிய காரை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் சொல்லுங்கள். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். வாக்குவம் கிளீனர் பையில் இருந்த தூசியை எடுத்தேன். போதவில்லை, அதோடு சோபாப் பஞ்சும் சேர்ந்து கொஞ்சம் நீலமாக இருந்தது. எனக்கு நிறம் சேர்க்கத் தெரியாதா? ஷெட்டில்தான் மூட்டை மூட்டையாகப் பல் மாவு இருக்கிறதே. வலது பக்கத்து அசல் தூசியைக் கொஞ்சம் காகிதத்தில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, மாவும் வீட்டுத் தூசியும் கொஞ்சம் செங்கல் பொடியும் கலந்து, மூன்றாவது தடவையில் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டேன். டீ வடிகட்டியில் போட்டு இடது பாதி முழுக்க மெதுவாகத் தூவினேன். முப்பத்தாறு வருஷத்தில் எந்தப் பல்லுக்கும் நிறம் அவ்வளவு சரியாக அமைந்ததில்லை.

ஒன்றை மறந்தேன். கார் ஈரமாக இருந்தது. பல் மாவு ஈரம் பட்டால் என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் இறுகி, பானெட்டில் தட்டினால் ணங்கென்றது.

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் இடது பக்கத்தைக் கையுறை விரலால் தடவினார். வரவில்லை. நகத்தால் சுரண்டினார். வரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக் கால்மணி நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "பாருங்க, காலம் போகப் போக தூசி இப்படித்தான் பெயிண்டோட ஒண்ணாயிடும். இது உண்மையான தூசி" என்றார். கமிட்டி தலையாட்டியது. பிறகு வலது பக்கத்துக்குப் போனார். ஊதினார், பறந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பக்கத்துத் தூசி மேல எனக்குச் சந்தேகமா இருக்கு சார். போன வாரம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். நேர்மையான தூசி மச்சான் அது. ஒரு பாவமும் அறியாதது. அதற்காக வாயைத் திறந்தால் இடது பாதி மாட்டிக்கொள்ளும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்தார். இடது பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினார். "இது பல்லு கட்டுற மாவு சார். எங்க அப்பாவுக்கு அளவெடுக்கும்போது பார்த்திருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். மாவைப் பெயர்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும், எப்படியும் முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான் என்கிறார். செயலாளரோ இடது பாதியை அப்படியே காப்பாற்ற வேண்டும், முடிந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்கிறார். இருவரும் ஒரே நாளில் வந்தால் நான் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறேன். மருந்துக்கடைக்காரர் எனக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு முடியலை மச்சான். ரிட்டயர் ஆனால் மத்தியானம் தூங்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆகவே என் முடிவான கருத்து: மெக்கானிக் வழிதான் வழி. எட்டு மாதத்தில் முடித்துவிடுவதாகச் சொல்கிறார். "முடிஞ்சதும் சொல்லுங்க, கப்பல் கம்பெனி ஆளை அனுப்பி இங்க எடுத்துக்கிறேன்" என்று போன தடவை போனில் சொன்னீர்கள் அல்லவா, அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு நிம்மதி. நீங்கள் லீவு போட்டு அலைய வேண்டாம். உங்களுக்கு வண்டி, எனக்கு ஷெட். காகிதத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, அவர்கள் வயது இப்போது என்ன என்று தெரியாததால் பொதுவாகச் சொல்லிவிடவும். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைந்த வேலையோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையில் காகிதத்தைத் தேட வேண்டாம், இல்லை. ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். மாவு இறுகிய இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"எட்டு மாசத்துல சரி பண்ணி முடிச்சா?" என்றாள்.

"ஆள் வந்து எடுத்துட்டுப் போவாங்க."

"அப்புறம் அண்ணன் இங்க எதுக்கு வருவான்?"

"நீ இருக்கியே" என்றேன்.

"எனக்காக வர்றவனா இருந்தா இருபத்தேழு வருஷத்துல வந்திருப்பானே. அம்மா போனப்ப வந்தான், ரெண்டு நாள், போனைக் காதுல வச்சுக்கிட்டே திரும்பிப் போனான். அம்மா இருந்த வீட்டையும் வித்தாச்சு. இங்க அவன் முடிவு சொல்லவேண்டிய விஷயம்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதாங்க. அதையும் நீங்க முடிச்சு அனுப்பிடாதீங்க."

அழவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் பதினோரு மாதம் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் மச்சான். எனக்கு வெட்கமாக இருந்தது. சம்மதக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். கடிதத்தை மறுபடி எழுதத் தெம்பில்லை, அதனால் மேலே உள்ளதை எல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் வரட்டும், அவரால் எதுவும் முடியாது.

போனில் முடிவு சொல்ல வேண்டாம், நான் ஏற்கமாட்டேன். நேரில் வந்து பாருங்கள். இது ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணுகிற விஷயமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து, நாலு நாள் தங்கி, வண்டியைப் பார்த்து யோசித்துவிட்டுப் போக வேண்டும், அவசரப்பட்டால் கெட்டுவிடும் என்று நிபுணர் சொல்கிறார். நிபுணர் நான்தான்.