எழுத்துரு துடைத்த மாப்பிள்ளை

நம்மிடையே ஓர் இனம் உண்டு. வேலையை இதோ ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருதரம் ஒழுங்குபடுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். கடிதம் எழுத உட்கார்ந்தால் மேசையைத் துடைப்பார்கள், மேசையைத் துடைக்க எழுந்தால் துணியைத் துவைப்பார்கள், துணி காயும்வரை வேறென்ன செய்வது, படுத்துக்கொள்வார்கள். இந்த இனத்தின் கையில் கணினி கிடைத்தால் என்ன ஆகும்? கோயமுத்தூர் சென்னிமலையைக் கேளுங்கள்.

தொண்ணூற்றொன்பதில் அவனுக்கும் வெள்ளகோவில் லோகப்பிரியாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழின் தமிழ்ப் பக்கம் அச்சகத்தார் பாடு, ஆங்கிலப் பக்கம் தன் கைவண்ணம் என்று சபையிலேயே சொல்லிவிட்டான். டிசைன் தொழிலில் இருக்கிற மாப்பிள்ளை. நம்பாமல் என்ன செய்வார்கள்? கணினி மாத இதழோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தன் கணினியில் ஏற்றினான். எழுத்துருப் பட்டியலைத் திறந்தான். அங்கேதான் வினை. லினக்ஸோடு கூடவே வந்த எழுத்துருக்கள், ஒன்று பல்லை இளித்துக்கொண்டு, ஒன்று முறைத்துக்கொண்டு, ஒன்று தான் எதற்கு இருக்கிறோம் என்றே தெரியாமல், வரிசையாக நின்றன. இத்தனை குப்பைக்கு நடுவில் ஒரு மனிதன் தன் கல்யாணத்தை எப்படி அறிவிப்பான்? களையெடுக்கத் தொடங்கினான்.

பெண்ணின் அப்பா மாரப்பன் பஸ் ஏறி வந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, பத்திரிக்கை ஆச்சுங்களா? குலதெய்வத்துக்கு வெச்சுப்போட்டுத்தானுங்க ஊருக்குக் குடுக்கோணும்."

"ஆச்சுங்க மாமா. கம்ப்யூட்டர்ல எழுத்து ஃபாண்ட்டை மட்டும் சுத்தம் பண்ணிப்போட்டா, மிச்சம் அரை நாள் வேலைங்க."

சுத்தம் நல்லதுதானே என்று அவரும் காப்பி குடித்துவிட்டுப் போனார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஒரு வீட்டுக்குக்கூட அழைப்பு போகவில்லை.

சென்னிமலை அழித்துக்கொண்டே வந்தான். கட்டை குட்டையாக, அழகு என்ற பேச்சுக்கே இடமில்லாத ஓர் எழுத்துரு கண்ணில் பட்டது. இதை எவன் பயன்படுத்துவான்? அதையும் அழித்தான். சுத்தமான கணினியைக் கண்குளிரப் பார்க்கலாமென்று ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். கறுத்த திரையில் ஒற்றை வரி வந்தது: அந்தக் கட்டை எழுத்தைக் காணோம், அது இல்லாமல் திரையில் ஒரு ஜன்னலையும், அதாவது ஒரு நிரலையும், திறக்க முடியாது. திரும்ப ஏற்றலாமென்றால், மேசையை ஒழித்தபோது சி.டி.யையும் யாருக்கோ கொடுத்திருந்தான்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து லோகப்பிரியா கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பத்திரிக்கையை நானே பிரஸ்ல குடுத்துப்போட்டேனுங்க. ரெண்டு பக்கமும்."

"எந்த ஃபாண்ட், அம்மணி?"

"பிரஸ்காரரும் அதைத்தானுங்க கேட்டாரு. படிக்கற மாதிரி எதையாச்சும் போடுங்கன்னேன்."

சென்னிமலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணத்தன்று எழுத்துருவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சரியான நாளில் சரியான மண்டபத்துக்கு வந்திருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? இதை எழுத உட்கார்ந்த நானும் முதலில் பேனாக்களைத்தான் கழுவினேன். அது கிடக்கட்டும். நீங்கள் ஏதோ அவசர வேலையாக உட்கார்ந்தவர், அதற்கு முன்னால் இதை ஒருதரம் படித்துவிடலாம் என்றுதானே எடுத்தீர்கள்? அந்த வேலை என்ன ஆயிற்று?