பாதத்தைச் சுற்றி மட்டும்

பாதி நாய் மொட்டையான பிறகுதான், தன் முழங்கால்களுக்கு நடுவே இருப்பது ஆடு இல்லை என்பது டெஸ் ஹான்ரஹனுக்கு உறைத்தது.

"பாதத்தைச் சுற்றி மட்டும் வெட்டு. வேற எங்கயும் கை வைக்காதே" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் மனைவி நோலீன் நாளைய நாய்க் கண்காட்சிக்கு மைதானத்தில் இடம் பிடிக்கப் போயிருந்தாள். அவள் எடுத்து வைத்திருந்த கத்தரிக்கோல் மொண்ணை. கொட்டகையிலோ ஆட்டு ரோமம் கத்தரிக்கும் மெஷின் எண்ணெய் போட்டுத் தயாராகத் தொங்கியது. டியூக்கை உட்காரவைத்து இடுக்கிக்கொண்டான் டெஸ். காலமெல்லாம் ஆடு கத்தரித்த கை. ரேடியோவில் கிரிக்கெட் வேறு. வயிறு, இடது தொடை, முதுகில் ஒரே நீள இழுப்பு. விக்கெட் விழுந்தபோதுதான் குனிந்து பார்த்தான்.

டியூக், டெஸ்ஸின் அக்கா பெரில் கொடுத்த கல்யாணநாள் பரிசு. கண்ணே மறையும் அளவுக்கு முடி வளரும் ஷீப்டாக் இன நாய். பெரில் வட்டார நாய்ச் சங்கத்தில் பெரிய தலை. நாளைக்கு ஜெயித்தால் டியூக் சாம்பியன். அதற்காக நோலீன் வருஷக்கணக்கில் தினமும் சாயங்காலம் முழுக்கச் சீவினாள். கிறிஸ்துமஸுக்குக்கூடக் கடற்கரைப் பக்கம் போகவில்லை. உப்புக்காற்றில் முடி சிக்காகும் என்பது பெரில் போட்ட சட்டம். ஒருநாளும் முணுமுணுத்தவள் இல்லை. அதை நினைத்தபோது டெஸ்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துப் பண்ணை மெர்வைக் கூப்பிட்டான். மெர்வ் வந்தான், பார்த்தான், தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"நல்ல பக்கத்தை மட்டும் காட்டு, மச்சான்."

"நடுவர் நாயைச் சுத்தி வருவாருடா."

"அவரு சுத்துறப்ப நீயும் நாயோட சுத்து."

"உருப்படியா ஏதாவது சொல்லு."

மெர்வ் யோசித்தான். "முடி கீழதானே கிடக்கு? ஒட்டிடலாம்."

மரவேலைக்கு வைத்திருந்த பசை டப்பா வந்தது. முதல் கைப்பிடி பிரமாதமாக ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. அப்போது டியூக் உடம்பை ஒரு உதறு உதறியது. முடி மெர்வின் தாடியில் இருந்தது, டெஸ்ஸின் புருவத்தில் இருந்தது, கொட்டகைக் கதவிலும் இருந்தது. நாயின் மேல் இருந்தது பசை மட்டும்தான். அதுவும் நல்ல பக்கம் முழுக்க.

காய்ந்த பசையை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. டெஸ் மறுபடி மெஷினை எடுத்தான்.

"முள்ளங்கி மாதிரி இருக்கு. தலையையாவது விட்டியே" என்றான் மெர்வ்.

போன் அடித்தது. நோலீன்.

"வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன்."

"பாதத்தை மட்டும்தானே?"

டெஸ்ஸுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நோலீன், அவனுக்குச் சொறி. காலைல திடீர்னு வந்துச்சு. அதனால கொஞ்சம் கூடவே வெட்டும்படி ஆயிடுச்சு."

"சொறின்னா மத்த நாய்க்கும் ஒட்டுமே. டாக்டரைக் கூட்டிட்டே வரேன்" என்றாள்.

"போச்சு! கால் உடைஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாமேடா" என்றான் மெர்வ்.

"கால் உடைஞ்சதுக்கு முடியை எதுக்குடா வெட்டணும்?"

மெர்வ், வீட்டில் ஆடுகள் தேடும் என்று சொல்லிவிட்டு நழுவினான்.

நோலீன் கால்நடை டாக்டர் இமோஜனோடு வந்து இறங்கினாள். டியூக்கைப் பார்த்தாள். டியூக் முதல்முறையாகத் தன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோலீன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"எல்லாம் போச்சு, டெஸ். உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது." முகத்திலிருந்து கையை எடுக்காமலே உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டெஸ் கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இனிமே அவ எங்கூடப் பேச மாட்டா, டாக்டர். அவ மனசை உடைச்சிட்டேன்."

இமோஜன் நாயைத் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், அக்குளில் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல, டெஸ். சொறி இன்னிக்குக் காலைலதான் வந்துச்சுங்கறீங்க. செவ்வாய்க்கிழமையே நோலீன் எங்கிட்ட வந்து, 'முழுசா மழிச்சிட்டா டியூக்குக்குக் குளிருமா'ன்னு கேட்டுட்டுப் போனாங்களே?"