லிஃப்ட்டின் தலையில் ஒரு பன்றித் தொடை

"யாராவது கேட்டா வீட்டுல என்ன சாப்பிடுவோம்னு சொல்லணும்?" என்று கேட்டான் ஆர்பாட்.

"கோழி," என்றாள் ரெபெகா.

"பன்றி?"

"பன்றி லிஃப்ட் மேல இருக்கு."

ஆர்பாட் தலையில் கையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். மத்தியானத்திலிருந்து இதே கேள்வி, இதே பதில். நாலு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை. வேறு சமயமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பான்.

அந்தப் பன்றித் தொடை, ஊரிலிருந்து அவன் அண்ணன் வருஷா வருஷம் அனுப்புவது. புகை போட்டு, மிளகாய்ப்பொடி பூசி, ஒரு கைக்குழந்தை கனம் கனக்கும். ஃப்ரிட்ஜில் நுழையாது. அலமாரியில் வைத்தால் வீடே மணக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்தால் திரும்பி வராது. ஆர்பாட்டுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அவனுக்குத் தோன்றிய ஒரே மறைவிடம், அந்தக் கட்டடத்து லிஃப்ட் பெட்டியின் கூரை. அங்கே கொண்டுபோய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான். கட்டும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனானே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை கூத்தையும் கிளப்பிவிட்டது அவன் மச்சான் யெனோ.

புடாபெஸ்டில் எந்தப் பாலர் பள்ளியானாலும், புதிதாகச் சேரும் பிள்ளையின் வீட்டுக்கு டீச்சர் ஒரு நடை வந்துவிட்டுப் போவது வழக்கம். பிள்ளை எதற்குப் பயப்படும், மத்தியானம் தூங்குமா என்று விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். ஆனால் ரெபெகா சேரப்போவது யூதப் பாலர் பள்ளியில்; பன்றிக்கறி என்ற பேச்சே ஆகாத இடம். அங்கிருந்து போன் வந்தபோது யெனோ பக்கத்தில் இருந்தான்.

"குடு இங்க, நான் பேசுறேன். ஆர்பாட்னா யூதப் பேரே இல்ல, கேட்டாலே குதிரை மேல ஈட்டியோட வர்ற பழைய ஹங்கேரித் தலைவன் ஞாபகம்தான் வரும். நீ பேசினா காரியம் கெட்டுடும்."

"மச்சான், வேண்டாம்."

"நான் பொறந்த யூதன்டா மாப்ளே. எனக்குத் தெரியாதா?"

யெனோ டாக்ஸி ஓட்டுகிறவன். பிறந்தது தவிர அந்த மதத்தில் அவன் வேறொன்றும் செய்ததில்லை. போனை வாங்கிக்கொண்டு, "எங்க வீட்டுல ரொம்ப ஆசாரம்ங்க," என்று ஆரம்பித்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலமா வரச் சொல்லுங்க. விளக்கு ஏத்துறதையே பார்த்துட்டுப் போகலாம்."

மறுமுனையில் யாரையோ கேட்டார்கள். அப்புறம், சரி என்றார்கள்.

போனை வைத்த பிறகுதான் ஆர்பாட்டுக்கு உறைத்தது. "மச்சான், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ஞ்சா ஓய்வுநாள் ஆச்சே, வண்டி ஏறக் கூடாதே. ஆசாரமான டீச்சரை டிராம் ஏறி வான்னு சொன்னா அவங்க நம்மளை என்ன நெனப்பாங்க?"

"அவங்களே சரின்னுட்டாங்களே," என்றான் யெனோ. ஆனால் அவன் முகமும் சுண்டித்தான் போயிருந்தது.

ஆர்பாட்டுக்கு மதத்தைப் பற்றிப் பெரிய கவலை எதுவும் கிடையாது. அவன் கவலை யுடித். அவன் மனைவி. யெனோவின் தங்கை. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "பாப்பாவை அந்த ஸ்கூல்லயே சேர்த்துடு." சேர்க்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னான். அவள் போய் ஒன்றரை வருஷமாகிறது. யுடித் அந்த வழக்கங்களையெல்லாம் பெரியவளான பிறகு தானே தேடிக் கற்றுக்கொண்டவள். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு ஏற்றுவாள் என்று ஆர்பாட்டுக்குத் தெரியும். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு அவசர வேலை முறை. ஊரில் யாராவது ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார். பார்த்திருந்தால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இப்போது அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பிள்ளைக்கோ அம்மா முகமே மறந்துபோயிருக்கும். இந்தப் பள்ளியும் கைவிட்டுப் போனால் யுடித் இந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கே அடையாளம் இருக்காது.

ஆக, வெள்ளிக்கிழமை வீடு தயாரானது.

யூத வீடுகளில் வாசல் நிலையில் பொருத்தி, நுழையும்போது தொட்டுக்கொள்கிற சின்ன வெள்ளிக் குழல் ஒன்றை யுடித் எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். உள்ளே வேதவாசகம் எழுதிய சுருள். யெனோ அதை இடதுபக்கம் அறைந்தான். அப்புறம் சக டாக்ஸிக்காரன் ஒருவனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, பிடுங்கி வலதுபக்கம் அறைந்தான். இடதுபக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதை மறைக்க ரெபெகா வரைந்த படம் ஒன்றை எடுத்து ஒட்டினான்.

ஆர்பாட் படத்தை உற்றுப் பார்த்தான். ரோஸ் கலரில் ஒரு பிராணி. வால் சுருண்டிருந்தது.

"மச்சான், இது பன்றி."

"குதிரைன்னு சொல்லிக்கலாம் விடு."

"அது பன்றி மாமா," என்றாள் ரெபெகா.

கீழே வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வேறு படம் தேட நேரமில்லை. "கேட்டுக்க மாப்ளே," என்றான் யெனோ அவசரமாக. "எதுலயும் நீ முந்திக்காத. டீச்சர் என்ன செய்றாங்களோ அதையே செய். அவங்க உட்கார்ந்தா உட்காரு. அவங்க எழுந்தா எழு. புரிஞ்சுதா?"

எனிகோ டீச்சர் நாலு மாடியும் படியேறி வந்தாள். இருபத்தைந்துக்குள் இருக்கும். கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை, கணுக்கால் வரை பாவாடை, அந்த ஆகஸ்ட் வெயிலில். மூச்சு வாங்கியதில் வணக்கம்கூடச் சொல்ல முடியவில்லை.

"லிஃப்ட் நல்லா வேலை செய்யுதுங்களே," என்றான் ஆர்பாட். அது அவன் கையால் பழுது பார்த்த லிஃப்ட். யெனோ பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினான்.

"இல்ல சார்... இன்னைக்கு... படிதான் நல்லது," என்றாள் டீச்சர்.

பார்த்தாயா, ஓய்வுநாளில் லிஃப்டைக்கூடத் தொடமாட்டேன் என்கிறாள் என்பதுபோல ஆர்பாட் யெனோவைத் திரும்பி முறைத்தான்.

டீச்சர் வாசலில் நின்று அந்தக் குழலைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் கை பாதி உயர்ந்து நின்றது. அவன் கையும் பாதி உயர்ந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். டீச்சரின் பார்வை இடதுபக்கப் படத்துக்குப் போனது.

"குதிரை," என்றான் யெனோ.

"உள்ள வாங்க, ஈ வருது," என்றாள் ரெபெகா.

இரண்டு பேரும் கையை இறக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். சமையலறை மேஜையைச் சுற்றி நாற்காலிகள் இருந்தும் யாரும் உட்காரவில்லை. டீச்சர் உட்காரட்டும் என்று ஆர்பாட் நின்றான். டீச்சரும் ஒரு துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ரெபெகா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உடனே டீச்சர் உட்கார்ந்தாள். டீச்சர் உட்கார்ந்ததும் ஆர்பாட் உட்கார்ந்தான்.

"பாப்பா பேரு என்ன?" என்றாள் டீச்சர் மெதுவாக.

"எங்க வீட்டுல பன்றி இல்ல," என்றாள் ரெபெகா. "லிஃப்ட்லயும் இல்ல."

டீச்சர் முகம் வெளிறியது. "ரொம்ப நல்லது," என்றாள் ஈனக் குரலில்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கிளம்பியது. அந்தச் சமையலறை ஜன்னல் நடைபாதையைப் பார்த்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்டின் கம்பிக்கூண்டு. ஐந்தாம் மாடிக்காரர் தன் நாயோடு ஏறியிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்து நாய் அண்ணாந்து ஊளையிடும் சத்தம் மேலே வரவர வலுத்தது. ஆர்பாட் எழுந்து ஜன்னலை மறைக்கலாமென்று பார்த்தான். ஆனால் டீச்சர் எழவில்லையே!

பன்றித் தொடை வந்தது. சாயங்கால வெயிலில் கொழுப்பு மின்ன, ஊர்வலம் போகிற சாமி மாதிரி அவசரமில்லாமல் எழும்பி, ஜன்னலின் நடுவே கொஞ்சம் நின்றாற்போலத் தெரிந்து, மேலே போனது.

"அப்பா! நம்மது!" என்று கத்தினாள் ரெபெகா.

"நாய், நாய்," என்றான் யெனோ. "மேல் வீட்டு நாய். பாப்பாவுக்கு நாய்னா உசுரு."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஆர்பாட் நினைத்தான். என்னை மன்னிச்சுடு யுடித்.

ரெபெகாவின் கையெல்லாம் ஜாம். அவள் இறங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, குழாய் எட்டாததால் குவளையில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வலது கையில் ஊற்றினாள், இடது கையில் ஊற்றினாள். டீச்சர் விருட்டென்று எழுந்து போய் அதே குவளையால் அதே மாதிரி ஊற்றிக்கொண்டாள். ஆர்பாட்டும் ஊற்றிக்கொண்டான். யெனோ வரிசையில் நின்றான்.

மிச்சமிருந்தது விளக்கு. யுடித்தின் பித்தளை விளக்குத் தண்டுகளை அவள் போனதிலிருந்து ஆர்பாட் தொடவில்லை. அன்றுதான் எடுத்துத் துடைத்து மெழுகுவத்தி வைத்திருந்தான். தீப்பெட்டியை டீச்சரிடம் நீட்டினான். டீச்சர் அதை வாங்கிப் பணிவாக அவனிடமே நீட்டினாள். அவன் மறுபடி அவளிடம் நீட்டினான். அது நாலைந்து தடவை போய் வந்தது. பொறுமையிழந்த யெனோ சிகரெட் லைட்டரை எடுத்து இரண்டையும் பற்ற வைத்தான்.

அப்புறம் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுடர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ரெபெகா நாற்காலி மேல் ஏறி நின்றாள். இரண்டு கையையும் சுடருக்கு மேலே நீட்டி, எதையோ அள்ளுகிற மாதிரி தன் பக்கமாகச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். அப்புறம் உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

கண்ணாமூச்சி! இந்த நேரத்திலா என்று ஆர்பாட்டுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் டீச்சர் கையைச் சுற்றினாள், முகத்தை மூடிக்கொண்டாள். அப்படியென்றால் அவனும் மூட வேண்டியதுதான். மூடிய கைக்குள் இருந்தபோது லிஃப்ட் திரும்பக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. நல்ல வேளை, பிள்ளை விளையாடியது நல்லதாய்ப் போயிற்று, பன்றி போவது யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

கையை எடுத்தபோது யெனோவைக் காணோம். வெளியே நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தான். அடப்பாவி, ஓய்வுநாளில் சிகரெட்டா?

"நான் கிளம்புறேன் சார்," என்றாள் டீச்சர். வாசல் வரை வந்தவள் சட்டென்று திரும்பினாள். கண்ணில் தண்ணீர். "சார், எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு இது முதல் வேலை."

"என்னத்தைச் சொல்லக் கூடாது?"

"நான் கால்வின் சபைக் கிறிஸ்தவப் பொண்ணு சார். எங்கப்பா டெப்ரெட்சென்ல பாதிரியார். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. 'ரொம்ப ஆசாரமான வீடு, அவங்க செய்றதைப் பார்த்து அப்படியே செய்'னு சொல்லி அனுப்பினாங்க. ஆனா நீங்க எதையுமே முதல்ல செய்ய மாட்டேங்கிறீங்க. வர்ற வழியில டிராம்ல பன்றிக்கறி ரொட்டி சாப்பிட்டேன் சார். அது எப்படியோ தெரிஞ்சுபோய்த்தான் ஜன்னல்ல அதைக் காட்டுறீங்கன்னு நெனச்சு செத்தே போயிட்டேன்."

ஆர்பாட் நிலையைப் பிடித்துக்கொண்டான். பாலர் பள்ளியில் இடம் எப்போதோ உறுதியாகிவிட்டதென்றும், தான் கேட்க வந்தது மத்தியானத் தூக்கத்தைப் பற்றி மட்டும்தான் என்றும் அவள் சொன்னபோது, அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்போ நீங்க யாரைப் பார்த்துச் செஞ்சீங்க?"

"பாப்பாவைத்தான். எவ்வளவு நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க சார்."

அவள் இந்தத் தடவை லிஃப்டிலேயே இறங்கிப் போனாள். ஆர்பாட் நடைபாதைக்கு வந்து, யெனோவின் முதுகில் ஓங்கித் தட்டினான். ஒன்றரை வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

"கேட்டியா மச்சான்? நான் தயார் பண்ணேனாம்! பாப்பா கண்ணாமூச்சி விளையாடுறா, அதைப் பார்த்து ரெண்டு பெரியவங்க முகத்தை மூடிக்கிட்டு நிக்கிறோம்!"

யெனோ திரும்பினான். அவன் கையில் சிகரெட் இல்லை; முகம் முழுக்க நனைந்திருந்தது.

"அது கண்ணாமூச்சி இல்ல மாப்ளே. வெள்ளிக்கிழமை நீ வீட்டுல இருந்ததில்ல, நான் ஓசிச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்திருக்கேன். யுடித் விளக்கேத்தினதும் அதே மாதிரி கையைச் சுத்தி முகத்தை மூடிக்குவா, இவ அவ மடியில நின்னுக்கிட்டு யுடித்தோட விரலிடுக்கு வழியாத்தான் அம்மாவைப் பார்ப்பா."