ஜெர்ஸியில் ஒரு 'ஏ' குறைச்சல்

கல்கத்தாவில் பெஹாலா பகுதியில் குடியிருந்த ஸ்ரீனிவாசராகவன் ஒரு சபதம் எடுத்தார். உயிரே போனாலும் அந்த ஜெர்ஸியைத் தரைத்துணி ஆக விடமாட்டார். தெருக் கால்பந்து கிளப்பின் ஜெர்ஸி அது. சாயம் எது, கறை எது என்று சொல்ல முடியாத வயசு. போதாக்குறைக்கு முதுகில் 'தபன்' என்று பெயர். அந்தத் தபன் இப்போதுதான் எதிரி கிளப்புக்குத் தாவியிருந்தான்.

"துரோகி பேரை எதுக்கு முதுகுல சுமக்கணும்? குடுங்கோ, தரை துடைச்சா நன்னா உறிஞ்சும்" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். வீட்டில் இருந்ததோ ஒரே டிக்கெட். நானும் வரேன் என்று அவள் ஆரம்பித்தபோதே, "ஜெர்ஸி போட்டவாதான் கேலரிக்குப் போகணும், அதான் மரியாதை" என்று அடக்கிவிட்டார்.

சனிக்கிழமை ஜெர்ஸியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு பெயர் ஒட்டும் கடைக்கு நழுவினார். தபனைச் சூடு காட்டி உரித்தாயிற்று. புதிதாக வந்த ஆட்டக்காரன் பிஜோயின் பெயர் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. திரும்பி வந்தவர் வாசலிலேயே பிடிபட்டார்.

"யாருன்னா இந்த பிஜோய்?"

ராகவனுக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. வங்காளி வாயில் 'வ' எல்லாம் 'ப' ஆகிவிடும். பக்கத்து வீட்டு மிதா முதல் தெருவே அவளை 'பிஜோயா பௌதி', விஜயா அண்ணி என்றுதான் கூப்பிடும்.

"நீதான்டி. உன் பேரை ஆசையா போட்டுண்டு வந்திருக்கேன். இனிமே இதால தரை துடைப்பியா, சொல்லு."

விஜயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடைசியில ஒரு 'ஏ' வேணுமே. 'ஏ' எங்கேன்னா?"

"நீதான் நாள் முழுக்க 'ஏன்னா, ஏன்னா'ன்னு செலவு பண்ணிடறயே. கடையில ஸ்டாக் தீர்ந்துபோச்சு."

அவள் சிரித்துவிட்டாள். கல்யாணமான நாளாக அவர் வாயால் ஜெயித்தது அன்றுதான். இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மத்தியானம் குளித்துவிட்டு வந்தார். கொடியில் ஜெர்ஸி இல்லை. கூடத்தில் விஜயா நின்றுகொண்டிருந்தாள். சல்வாருக்கு மேலே ஜெர்ஸி. பிஜோய்க்குப் பக்கத்தில், பழைய பட்டுப்புடவையில் வெட்டித் தைத்த ஒரு 'ஏ' ஜரிகையோடு மின்னியது.

"என்னடி இது, என் ஜெர்ஸியை..."

"என் பேர் போட்டது என்னோடதுதானே? இல்லே, வேற யார் பேராவதா?"

உண்மையைச் சொன்னால் ஜெர்ஸி தரைக்குப் போகும். சொல்லாவிட்டால் மைதானத்துக்குப் போகும். கிளப்பின் மானம் கருதி வாயை மூடிக்கொண்டார்.

"டிக்கெட்டையும் எடுத்துண்டுட்டேன். ஜெர்ஸி போட்டவாதானே போகணும்?"

வெளியே காத்திருந்த மிதா அவள் முதுகைப் பார்த்துவிட்டு, "ஷுபோ பிஜோயா!" என்றாள். துர்கா பூஜை முடிந்து சொல்ல வேண்டிய வாழ்த்து அந்த வருஷம் ஆவணியிலேயே வந்துவிட்டது. ராகவனுக்கும் சிரிப்பு வந்தது. மறைப்பானேன், அந்த 'ஏ' அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

படியிறங்கினவள் திரும்பினாள்.

"ஏன்னா, வாளிகிட்ட உங்க பனியனை வெச்சிருக்கேன். அதுல யார் பேரும் இல்லே."