மாமனார் லாஞ்சில் நான் வைத்த புகைக்குழாய்

கவலைப்படுகிறவன் ஜாக்கிரதையானவன் என்று பலரும் நினைக்கிறார்கள். பிறந்ததிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் அதை நான் மறுக்கிறேன். வராத ஆபத்துக்கெல்லாம் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். வரப்போகிற ஆபத்தைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவருவான். அவன்தான் கவலைப்படுகிறவன். நான் கூட்டிவந்த ஆபத்து இரும்புத் தகட்டில் செய்தது. என்னைவிட உயரம்.

அப்போது நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் நடத்திக்கொண்டிருந்தேன். (நடத்தினேன் என்பது என் கருத்து. மாணவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.) அதே கல்லூரியில் கணக்கு நடத்தியவள் ஜெனிட்டா. எங்களுக்குள் விருப்பம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் அம்பாசமுத்திரம், சைவப் பிள்ளைமார் வீடு. முட்டைகூட வாசல்படி தாண்டாது. அவள் புன்னக்காயல், வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவக் குடும்பம்; அவள் அப்பாவுக்குச் சொந்தமாக மீன்பிடி லாஞ்சு. தாமிரபரணி எங்கள் ஊர்ப் பக்கம் மலையை விட்டு இறங்குகிறது, அவள் ஊர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. இதை ஒருநாள் ஆற்றுப் பாலத்தில் நின்று உருக்கமாக அவளிடம் சொன்னேன். "இத மட்டும் வச்சி எங்கப்பாகிட்ட போய் நின்னுராதீங்க," என்றாள்.

அவள் அப்பா சூசை அண்ணாச்சி பாதி சம்மதித்திருந்தார். "அவங்க வீட்டுல மனசோட சரின்னு சொல்லணும். எம்பிள்ள போய் ஒரு வீட்டுல மூஞ்சிய பாத்துக்கிட்டு நிக்கப்படாது," என்பதுதான் அவர் பேச்சு. எங்கள் அப்பாவோ, "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி," என்று சொல்லிவிட்டு செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஆக எல்லாம் அம்மாவிடம் வந்து நின்றது. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இட்லிக்கு மாவு ஆட்டினாள், பூத்தொடுத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

திடீரென்று ஒருநாள் சாப்பாடு போடும்போது கேட்டாள். "ஏலே சங்கரு, இந்த ஆத்துலயே குளிச்சிக் கெடக்கேன், இது கடல்ல சேருத எடத்தப் பாத்ததே இல்ல. அந்தப் பிள்ள ஊர்லதான சேருது?"

"அந்தப் பிள்ள" என்ற வார்த்தை அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் புன்னக்காயலுக்குப் போனது. "கூட்டிட்டு வரச் சொல்லு," என்றார் சூசை அண்ணாச்சி. "ஞாயித்துக்கெழம நமக்குக் கடல் கெடையாது. பூசை முடிஞ்சதும் லாஞ்சுலயே முகத்துவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம்." அதோடு நிற்கவில்லை. பானை, கரண்டி, டம்ளர் எல்லாம் மீன் வாசம் படாததாகப் புதிதாக வாங்கி வைத்துவிட்டார். ஜெனிட்டா லாஞ்சிலேயே அம்மாவுக்குப் பால்பொங்கல் வைப்பதாக ஏற்பாடு.

"லாஞ்சுல எதுல சமைப்பீங்க?" என்று கேட்டேன்.

"விறகடுப்புதான். குசினில கொஞ்சம் புகையும்," என்றாள் ஜெனிட்டா, ரொம்பச் சாதாரணமாக.

எங்கள் அம்மாவுக்கு இளைப்பு உண்டு. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டால் இங்கே இன்ஹேலரைத் தேடுவோம். நேரில் போய்ப் பார்த்தேன். லாஞ்சின் நடுவில் பலகைக் கூண்டு, அதன் மூலையில் இரும்பு அடுப்பு, அதிலிருந்து கூரை வழியாக ஒரு குட்டைக் குழாய். விறகைப் பற்றவைத்ததும் புகை அடுப்பு வாய் வழியாக வந்தது, கூண்டின் கதவு வழியாகப் போனது, ஜன்னல் வழியாகப் போனது. குழாய் வழியாக மட்டும் போகவில்லை.

"கேஸ் வைக்கலாமே அண்ணாச்சி?"

"இஞ்சின் பக்கத்துல சிலிண்டரா? நான் பிள்ளகுட்டிக்காரன்வே," என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அம்மா இருமுகிறாள். இருமி முடித்து என்னைப் பார்த்து, "வேண்டாம்லே," என்கிறாள். என் கல்யாணம் அந்தக் குட்டைக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டிருந்தது. நான்தான் அதை இழுத்து வெளியே போடவேண்டும்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சூடான புகை லேசாக இருக்கும், அதனால் மேலே ஏறும். குழாய் உயரமாக உயரமாக இழுப்பு கூடும். வழியில் புகை ஆறிப்போனால் ஏறாமல் தயங்கும். இணைப்புகளில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து இருக்கிற இழுப்பையும் கெடுக்கும். ஆகவே நான் குழாயை உயர்த்தினேன். இணைப்புகளில் அடுப்புக்களிமண் பூசினேன். சூடு ஆறாமல் இருக்க மேலே கண்ணாடி நாரைச் சுற்றி, அதன்மேல் தகட்டைச் சுற்றினேன். இதுவரைக்கும் எல்லாம் சரிதான். இன்றைக்கு யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் காற்றைப் பற்றியும் கவலைப்பட்டேன்.

ஆனி மாதம் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும். காலையிலும் மேற்கு, மாலையிலும் மேற்கு. எங்கள் தெருக்கோடி அரிசி ஆலையின் புகை நான் பிறந்ததிலிருந்து ஆனி ஆடியில் கிழக்கே தவிர வேறெங்கும் போனதில்லை. அந்தக் காற்று குழாய்க்குள் இறங்கினால் புகை திரும்பி வந்துவிடுமே! அதனால் குழாயின் உச்சியில் ஒரு முழங்கை வளைவு வைத்து, அதன் வாயைக் கிழக்கே பார்க்கத் திருப்பினேன். காற்று முதுகில் அடிக்கும், புகை முன்னால் போகும். பட்டறைக்காரர், "போல்ட்டு போட்டு விடட்டுமா, வெல்டிங் வைக்கட்டுமா?" என்று கேட்டார். போல்ட் கழன்றுவிடுமோ என்று கவலைப்பட்டு, "வெல்டிங் வைங்க, ஆயுசுக்கும் அசையப்படாது," என்றேன்.

அந்தக் குழாயை பஸ்ஸில் கொண்டுபோனது தனிக் கதை. கண்டக்டர் அதன் வளைந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே, இலங்கைக்குக் குண்டு போடப் போறீரா?" என்று கேட்டார். ஆத்தூர் வரும்வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் குழாயை, அதன் வாய் கிழக்கே பார்க்க, அடுப்போடு வெல்டிங் வைத்துப் பொருத்தினோம். லாஞ்சு வழக்கம்போல் துறையில் கிழக்கே மூக்கை வைத்துக் கட்டிக் கிடந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு நிமிஷம் உயிரே இல்லை எனக்கு. அப்புறம் அடுப்புக்குள் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்டது. வாயருகே நீட்டிய காகிதத்தை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கூண்டுக்குள் ஒரு இழை புகை கிடையாது. குழாயின் வாயிலிருந்து புகை கிழக்கே நேராகக் கடலைப் பார்த்துப் போயிற்று.

"ஏ ஜெனி, இங்கன வந்து பாரு! புகை மாப்பிள பேச்சக் கேக்குது!" என்று கத்தினார் சூசை அண்ணாச்சி.

மாப்பிள! அன்று ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது தப்பு. என்னைப் போன்றவர்கள் தூங்கக்கூடாது.

மறுநாள் அம்மாவைக் கூட்டிவந்தேன். பையில் இன்ஹேலர், இன்னொரு பையில் இன்னொரு இன்ஹேலர், எலுமிச்சம்பழம், வாந்தி மாத்திரை, மாற்றுப் புடவை, அம்மா தலையில் ஸ்கார்ஃப். லைஃப் ஜாக்கெட்டின் நாடாவை நானே கட்டினேன், பிறகு அவிழ்த்து மறுபடி கட்டினேன். "என்னலே, மூட்டையா கட்டுத?" என்றாள் அம்மா. மீன் வாசத்துக்கு முகம் சுளிப்பாளோ என்று அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை. ஜெனிட்டா கையைக் கொடுத்து, "பைய வாங்க அத்தை," என்று ஏற்றிவிட்டாள். அம்மா அந்தக் கையை உடனே விடவும் இல்லை.

முகத்துவாரத்துக்குப் போகும் வழி கிழக்கு. காற்று பின்னாலிருந்து தள்ளியது, அடுப்பு முனகிக்கொண்டே இழுத்தது. ஜெனிட்டா காபி போட்டாள். அம்மா குடித்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். "விறகடுப்புன்னு சொன்னா நம்ப முடியாது, புகையே இல்லயே."

"எல்லாம் உங்க மகன் வேல அக்கா," என்றார் சூசை அண்ணாச்சி சுக்கானைப் பிடித்தபடி. நான் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடத்தில் அம்மா தான் தொடுத்துக்கொண்டுவந்த பூவை விட்டாள். ஜெனிட்டா புதுப்பானையை அடுப்பில் ஏற்றிப் பாலை ஊற்றினாள். என் வாழ்க்கையில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரம் மொத்தம் அவ்வளவுதான்.

"அப்ப திரும்புவமா?" என்றார் சூசை அண்ணாச்சி.

திரும்பினார். லாஞ்சு திரும்பியது. லாஞ்சோடு சேர்ந்து, அதில் ஆயுசுக்கும் அசையாமல் பற்றவைத்திருந்த என் குழாயும் திரும்பியது.

அரிசி ஆலை திரும்பாது என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கிழக்கே பார்த்திருந்த வாய் இப்போது மேற்கே பார்த்து, ஆனிக் காற்று மொத்தத்தையும் அள்ளிக் குடிக்கத் தயாராக நின்றது. முனகல் நின்றது. அடுப்பு ஒரு தரம் விக்கியது. அடுத்த நொடி, நான் அத்தனை பாடுபட்டு உயர்த்திய, அடைத்த, சூடு காத்த குழாய் முழுக்க இருந்த புகை, கரி, சாம்பல், பொறி எல்லாம் ஒன்றாகக் கூண்டுக்குள் வந்து இறங்கியது.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு ஒரு இன்ஹேலரை எடுத்தேன். எடுத்த அவசரத்தில் அது நழுவிக் கடலில் விழுந்தது. (இரண்டாவது பை இருந்ததே என்று சந்தோஷப்பட்ட ஒரே தருணம்.) ஜெனிட்டா அம்மாவை இழுத்துக்கொண்டு லாஞ்சின் முன்பக்கம், காற்று வரும் இடத்துக்குப் போய்விட்டாள். மருந்தை உறிஞ்சிவிட்டு அம்மா இருமினாள். நான் கனவில் கேட்ட அதே இருமல். சூசை அண்ணாச்சி மகளைக் கூப்பிட்டுச் சுக்கானைக் கொடுத்துவிட்டு, "என்னாச்சி இதுக்கு?" என்று அடுப்பின் வாயருகே குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று ஓங்கி அடித்தது. குப்பென்று ஒரு தீநாக்கு வெளியே வந்து, அவருடைய இடது புருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வேறு ஒன்றும் ஆகவில்லை. மீசைகூட அப்படியே இருந்தது.

நான் கூரைமேல் ஏறிக் குழாயைத் திருப்பப் பார்த்தேன். சுட்டது. சுடாமல் இருந்தாலும் திரும்பியிருக்காது. வெல்டிங் அவ்வளவு நேர்த்தி.

சூசை அண்ணாச்சி கடல்தண்ணீரை வாளியில் மொண்டு, அடுப்பில் ஊற்ற ஓங்கினார். நான் கூரையில் உட்கார்ந்தபடியே, முடிந்தது, கல்யாணம் அணைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க!"

அம்மாவின் குரல். இளைப்போடு, முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, கரிபடிந்த முகத்தோடு நின்று கத்தினாள். "பொங்கல் பாதியில நிக்கி! சம்பந்தி வீட்டுல மொதமொதல்ல ஏத்தின அடுப்ப யாராவது அணைப்பாகளா?"

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். தான் என்ன சொன்னோம் என்பது அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது போலும். ஆனாலும் பேச்சை மாற்றவில்லை. "என்ன பாக்கீங்க? பொங்கி வரணும்லா," என்றாள்.

சூசை அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார். ஒரு புருவத்தோடு அம்மாவைப் பார்த்து, "சரி மதினி," என்றார். அதுவரை அக்கா என்றவர் வாயில் சம்பந்தி முறை வந்துவிட்டது.

நான் கூரைமேல் அழுதேன். புகை என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

சரி, பொங்கல் எப்படிப் பொங்கும்? கணக்கு டீச்சர்தான் வழி கண்டுபிடித்தாள். "குழாய் திரும்பாதுன்னா லாஞ்ச திருப்பிருவோம்ப்பா. மூஞ்சி கடலப் பாக்கட்டும். பின்னாலயே வீட்டுக்குப் போவோம்," என்றாள். சூசை அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் சுக்கானை வாங்கினார். லாஞ்சு மறுபடி கிழக்கே மூக்கைத் திருப்பியது. அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "ம்ம்ம்" என்று இழுக்கத் தொடங்கியது. இஞ்சினைப் பின்னோட்டத்தில் போட்டார். பின்னால் போய்ப் பழக்கமில்லாத லாஞ்சு இப்படியும் அப்படியும் வளைந்து, திட்டிக்கொண்டே வந்த சூசை அண்ணாச்சியோடு ஊரைப் பார்த்து நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. துறையில் ஊரே சும்மா உட்கார்ந்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். "ஓய் சூசை, ஊருக்குள்ள வாறீரா, ஊர விட்டுப் போறீரா?" என்று ஒருவர் கரையிலிருந்து கத்தினார். அந்த நேரத்தில்தான் பால் பொங்கி வழிந்தது. ஜெனிட்டா குலவையிடத் தெரியாமல் அம்மா முகத்தைப் பார்க்க, இளைப்பு தீராத அம்மா ஒரு அரைக்குலவை இட்டாள். பொங்கலில் சாம்பல் வாசம் இருந்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த தை மாதம் கல்யாணம். புன்னக்காயலில் இன்றும் என் பெயர் ரிவர்ஸ் மாப்பிள்ளைதான்; காரைப் பின்னால் எடுத்தால் சின்னப் பிள்ளைகள்கூட "பொங்கல் வெந்துட்டா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் நான் மிக்ஸியையோ குழாயையோ ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தால் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஏலே, இது திரும்புத சாமானா, திரும்பாத சாமானா?"

மாமாவின் இடது புருவம் முழுசாக வளரவே இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது ஜெனிட்டா மைப்பென்சிலால் வரைந்தது. இப்போது எங்கள் மகள் தாத்தா மடியில் ஏறினால் முதலில் அந்த வெற்றிடத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பாள். "தாத்தா, இங்கன என்னாச்சி?" என்று தினமும் கேட்பாள். அவரும் தினமும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இதுவா? இங்கனதாம்மா உங்கப்பன் எங்கிட்ட வந்து பொண்ணு கேட்டான்."