திட்டக் கூடாத வைத்தியசாலை

மெச்சூர் என்றொரு நாடு. அதன் அரசர் மகிழ்கோவுக்குக் குறை என்ற சொல்லே ஆகாது. சாலையில் பள்ளம் என்று யாராவது சொன்னால், சொன்னவனுக்கு அதன் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் தோண்டுவார்கள்.

அந்நாட்டு வைத்தியசாலையில் அறுவை சிகிச்சை பயின்றுவந்தாள் குழலி. ரத்தக்குழாயைக் கட்டும்போது மட்டும், உடன் படிப்பவர்களைப் போலவே, அவள் போடும் முடிச்சும் நழுவிவிடும். ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. சொல்லித்தர வேண்டியவள் தலைமை வைத்தியர் செங்கமலம். கை தேர்ந்தவள்தான், வாய்தான் தேள் கொடுக்கு. அவளிடம் படித்து அழாதவர் கிடையாது.

அழுகைச் சத்தம் அரண்மனைக்கு எட்டியது. வெளிநாட்டு அறிஞர் ஒருவரை வரவழைத்து யோசனை கேட்டார்கள். "மாணவரின் நிறையைச் சொல்லுங்கள், அதைப் பற்றிக்கொண்டே குறையைத் திருத்துங்கள்" என்றார் அவர். அருமையான யோசனை. கல்லில் வெட்டச் சொன்னார் அரசர். மெச்சூரில் எந்தக் கல்வெட்டும் அரசரின் பட்டப்பெயர்களோடுதான் தொடங்க வேண்டும். பட்டங்களை வெட்டி முடித்தபோது, "நிறையைச் சொல்லுங்கள்" என்பதற்கு மட்டுமே இடம் மிஞ்சியது. கல்லில் இருப்பதுதானே சட்டம்! குறை சொல்பவருக்குச் சிறை என்று அறிவித்து, கட்டிலுக்கொரு காவலரை நிறுத்தினார் நிறைகாண் துறை அமைச்சர் வாழ்த்தாண்டார்.

குழலியின் முடிச்சு மறுபடி நழுவியது.

"அடியே, நூல..." என்று தொடங்கினாள் செங்கமலம். காவலர் கனைத்தார். "நீ நிக்கிற அழகே அழகு" என்று பல்லைக் கடித்தபடி முடித்தாள்.

"எங்கம்மா தப்புப் பண்றேன்? திட்டியாவது சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினாள் குழலி. அழகாக நின்றதற்காக அவளுக்கு முதுநிலை வைத்தியர் பட்டம் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டம் வாங்கியதும் அவளிடம் வந்து சேர்ந்தவன் வண்டிக்காரன் சடையன். காளை தொடையைக் குத்திக் கிழித்திருந்தது. குழலி கட்டினாள், நழுவியது, ரத்தம் பீறிட்டது. "அடிப்பாவி, அந்த நூல..." என்று பாய்ந்து வந்த செங்கமலத்தின் வாயைப் பொத்திச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். சடையன் செத்துப்போனான்.

"எம் புருசனுக்கு என்னய்யா ஆச்சு?" என்று அலறினாள் அவன் மனைவி.

"தாயே, குறையை ஏன் நோக்குகிறீர்? ஒரு தொடையில்தான் ரத்தம் போயிற்று. மற்றத் தொடையைப் பாருங்கள், ஒரு கீறல் உண்டா?" என்றார் வாழ்த்தாண்டார்.

"அப்ப அந்தத் தொடைய மட்டும் எந்திரிச்சு வரச் சொல்லும்!"

குழலிக்கு நெஞ்சு வெந்தது. தன் கையால் ஒருவன் செத்தான். எதனால் என்றே தெரியவில்லை. நாளைக்கு இன்னொருவனும் அப்படித்தான் சாவான்.

இந்த நேரத்தில் அரசருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. பட்டம் பெற்ற வைத்தியர்கள் முகமலர்ச்சியோடு வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததுமே அரசருக்கு வேர்த்துவிட்டது. "சிறையில் கிடக்கிறாளே அந்த வாயாடி, அவளைக் கூட்டி வாருங்கள்" என்றார். ஊருக்குத்தானே உபதேசம்!

செங்கமலம் துணைக்குக் குழலியைக் கேட்டு வாங்கினாள். கட்டியை அறுத்ததும் ரத்தம் பொங்கியது. செங்கமலத்தின் இரண்டு கைகளும் காயத்தை அழுத்தியிருந்தன. கட்ட வேண்டியவள் குழலி.

"மொத சுத்துப் போட்டதும் நூலத் தளர விடுறடி, எருமை! ரெண்டாவது சுத்து விழற வரைக்கும் இழுத்துப் பிடி!"

குழலி இழுத்துப் பிடித்தாள். முடிச்சு நின்றது. அரசர் பிழைத்தார். இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது. இந்த ஒரு சொல்லுக்காகவா சடையன் செத்தான்? கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினாள். வாழ்த்தாண்டார் கதவை மறித்தார்.

"வைத்தியசாலையில எல்லாரும் இதே தப்பத்தான் பண்றாங்கய்யா! போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

"அரண்மனையில் சொல்லப்பட்ட குறை அரண்மனையின் உடைமை. வெளியே சொன்னால் ராஜதுரோகம். இனி நீ அரசரின் சொந்த வைத்தியர், மகிழ்ச்சியாக இரு."

செங்கமலத்தை மறுபடி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அரசர் பிழைத்ததைக் கொண்டாட ஊரெங்கும் வெடி வெடித்தார்கள். வெடியில் கை கிழிந்த ஒருவனை வைத்தியசாலைக்குத் தூக்கிப் போவதைக் குழலி ஜன்னல் வழியே பார்த்தாள். அங்கே முகமலர்ச்சிக்குப் பட்டம் வாங்கிய ஒருவன், சிரித்தபடியே நூலைக் கையில் எடுத்தான்.